அரங்கிற்கு அருகிலா, திரும்பும் வழிக்கு அருகிலா?

2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுகளை அகமதாபாத் நகரம் நடத்தும் என்பது 2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடிய பொதுப்பேரவையில் உறுதியாயிற்று. 1930இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் தொடங்கிய அவ்விளையாட்டுகளின் நூற்றாண்டு அது. டெல்லி 2010ஆம் ஆண்டில் அவற்றை நடத்தியபின், இருபது ஆண்டுகள் கழித்து அப்பெருவிழா மீண்டும் நம் நாட்டுக்கு வருகிறது. இதற்கிடையில், அந்நகரின் மோட்டேரா அரங்கில் கிரிக்கெட் இறுதியாட்டங்களும் நடந்தவண்ணம் உள்ளன. தொலைக்காட்சியில் மட்டுமே ஆட்டம் கண்டு வந்த நடுத்தரக் குடும்பங்கள், சேமிப்பில் ஒரு பகுதியை ஒதுக்கி ஒருமுறையேனும் நேரில் காணவேண்டும் என்று விரும்பும் காலம் இது. விருப்பம் நியாயமானது, அதற்கான திட்டமும் நியாயமானதாக அமைய வேண்டும்.

இத்தகைய பயணங்களில் நாம் ஆட்டத்தின் நுழைவுச்சீட்டுக்காக நாள்கணக்கில் காத்திருக்கிறோம்; இரயில் சீட்டுக்காக விடியற்காலையில் விழிக்கிறோம். எங்கே தங்குவது என்னும் வினாவுக்கு மட்டும் ஐந்து நிமிடத்தில் விடை கண்டுவிடுகிறோம். வரைபடத்தில் அரங்கைத் தேடி, அதற்கு மிக அருகில் தெரியும் விடுதியை, கேட்ட விலைக்குப் பதிவு செய்கிறோம். பல குடும்பங்களின் பயணக் கணக்கில் மிகப்பெரிய செலவு இந்த அறை வாடகைதான். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. சாபர்மதி ஆற்றங்கரை நகருக்குச் செல்லும்போது அதை நினைவிற்கொள்வது பொருத்தமே. தங்குமிடத்தை அரங்கின் தொலைவைக் கொண்டு தேர்வதைவிட, நள்ளிரவில் திரும்பும் வழியைக் கொண்டு தேர்வதே அறிவுடைமை என்பது நமது கருத்து.

2023 கற்பித்தவை

ஒரே ஆண்டில் அகமதாபாத் நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது.

முதலாவது, ஐபிஎல் இறுதியாட்டம். 2023 மே 28, ஞாயிறன்று சென்னை அணியும் குஜராத் அணியும் மோத வேண்டியிருந்தது. மழை விடவில்லை. ஆட்டம் மாற்று நாளான 29ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. அன்றும் மழை குறுக்கிட்டு, 15 ஓவர்களாகச் சுருக்கப்பட்ட ஆட்டத்தில் கடைசி இரு பந்துகளில் ஜடேஜா ஆறும் நான்கும் அடித்துச் சென்னைக்கு வெற்றி தேடித் தந்தபோது 30ஆம் தேதி பின்னிரவு ஒன்றரை மணி ஆகிவிட்டது. அந்த வெற்றியை நாம் மறக்கமாட்டோம். அதற்கு முந்தைய இரவில், மஞ்சள் சட்டை அணிந்த ரசிகர்கள் அகமதாபாத் இரயில் நிலையத்தின் தரையில் வரிசையாக உறங்கிய படங்கள் நாடெங்கும் பரவியதையும் மறக்கலாகாது. ஓர் இரவுக் கணக்கில் வந்தவர்களுக்கு இரண்டாம் இரவு கணக்கிலேயே இல்லாமற்போனது.

இரண்டாவது, உலகக் கோப்பையின் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம். ஜூன் மாத இறுதியில் வெளியான அட்டவணை அதை அக்டோபர் 15 என்று குறித்தது. உடனே விடுதிகள் நிரம்பின. வாடகை பன்மடங்கு ஏறியது. முழு உடற்பரிசோதனை என்ற பெயரில் மருத்துவமனைகளில் ஓரிரவுப் படுக்கை கேட்டவர்கள் இருந்ததாகவும் செய்திகள் வந்தன. அக்டோபர் 15 நவராத்திரியின் முதல் நாள். நகரமே கர்பா ஆட்டத்தில் திளைக்கும் அந்நாளில் பாதுகாப்பு வழங்குவது அரிது என்பதால், ஆகஸ்ட் 9 அன்று வெளியான திருத்தப்பட்ட அட்டவணையில் ஆட்டம் ஒரு நாள் முன்னதாக, அக்டோபர் 14க்கு, மாற்றப்பட்டது. அதனோடு மேலும் எட்டு ஆட்டங்களின் தேதியோ நேரமோ மாறின. பணம் திரும்பாத நிபந்தனையில் முன்பதிவு செய்தவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விரண்டும் அரிதான விபத்துகள் என்று கூறிவிட முடியாது. மழையும் தேதி மாற்றமும் பெரும்போட்டிகளின் இயல்பு. ஆகவே, எந்தப் பகுதியில் தங்குவது என்னும் முடிவு, தேவைப்பட்டால் இன்னோர் இரவு தங்கும் ஆற்றலை நம் கையில் விட்டுவைப்பதாக இருக்க வேண்டும். அரங்கின் வாயிலில் ஓரிரவுக்கே சேமிப்பைக் கரைத்தவருக்கு அந்த ஆற்றல் இராது.

நகரத்தின் அமைப்பு

ஓர் ஊரில் தங்குமிடம் தேடுமுன் அவ்வூரின் எலும்புக்கூட்டைப் புரிந்துகொள்வது நன்று. அகமதாபாத்தைச் சாபர்மதி ஆறு வடக்கிலிருந்து தெற்காகப் பிளக்கிறது. கீழ்க்கரையில் 1411இல் அகமது ஷா நிறுவிய மதில்சூழ் பழைய நகரமும் காலுப்பூர் இரயில் நிலையமும் உள்ளன. மேற்கரையில் ஆசிரமச் சாலை, நவரங்கபுரா, வஸ்திராபூர் என நகரம் புதிதாக விரிந்தது. மோட்டேரா அரங்கு நகரின் வடகோடியில், மேற்கரையில் உள்ளது. விமான நிலையமோ ஆற்றுக்கு அப்பால், வடகிழக்கில்.

2022ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டு தொடங்கும் வேளையில் மெட்ரோ இரயில் முழு முதற்கட்டமாகப் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து இந்த வரைபடத்தின் பொருளே மாறிவிட்டது. ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்கு–தெற்குத் தடம், தெற்கே வாஸ்னாவின் வேளாண் சந்தையில் தொடங்கி, பால்டி, காந்திகிராம், ஓல்டு ஹைகோர்ட், உஸ்மான்புரா, வாடஜ், ராணிப், சாபர்மதி வழியாக மோட்டேரா சென்றடைகிறது. கிழக்கு–மேற்குத் தடம் வஸ்திராலிலிருந்து காலுப்பூர், கீகாண்டா, ஷாபூர் வழியாக ஆற்றைக் கடந்து தல்தேஜ் வரை செல்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் ஓல்டு ஹைகோர்ட் நிலையம். 2024 செப்டம்பரில் மோட்டேராவுக்கு அப்பாலும் தடம் நீண்டு காந்திநகரைத் தொட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நவரங்கபுராவிலும் சர்தார் படேல் பெயரில் பழைய விளையாட்டரங்கம் ஒன்று உண்டு. 1981இல் இந்திய மண்ணின் முதல் ஒருநாள் பன்னாட்டு ஆட்டம் நடந்தது அங்கேதான். கிழக்கு–மேற்குத் தடத்தில் அதன் பெயரால் ஒரு நிலையமும் இருக்கிறது. மோட்டேரா அரங்கும் முன்னாளில் சர்தார் படேல் பெயரையே தாங்கியது. ‘அரங்கிலிருந்து நடக்கும் தூரம்’ என்று விடுதி விளம்பரம் கூறினால், எந்த அரங்கு என்று கேட்பது கட்டாயம்.

பகுதி பகுதியாக

மோட்டேரா. அரங்கை ஒட்டிய தெருக்களின் கவர்ச்சி வெளிப்படை. ஆனால் பெரும்போட்டி நாள்களில் அரங்கின் முதன்மை வாயிலுக்குச் செல்லும் சாலையைக் காவல்துறை மூடுவது வழக்கம். வாடகை வண்டி விடுதி வாயில் வரை வராது; பெட்டியைச் சுமந்து நடக்க வேண்டும். உணவகங்களிலும் கூட்டம் மொய்க்கும். ஆட்டம் இல்லாத நாளில் அங்கே காண்பதற்கும் மிகுதியாக ஒன்றுமில்லை. மிக அதிக வாடகையைக் கேட்கும் பகுதியும் இதுவே.

சாந்த்கேடா, சாபர்மதி, ராணிப். அரங்கிற்கு வடக்கிலும் தெற்கிலும் அமைந்த குடியிருப்புப் பகுதிகள். ஆடம்பரம் இல்லை, எளிய விடுதிகள் உண்டு. இவற்றின் தனிச்சிறப்பு, பெரும்பாலான இடங்களிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டரில் அரங்கை அடையலாம் என்பதே. உடல்நலம் உள்ளவருக்கு அது நடந்தே கடக்கக்கூடிய தொலைவு. கடைசி மெட்ரோ போய்விட்டாலும், வாடகை வண்டிகள் கட்டணத்தை ஏற்றினாலும், கால்கள் கைவிடா. சாபர்மதியில் இரயில் நிலையமும் இருப்பது கூடுதல் நன்மை.

ஆசிரமச் சாலை, உஸ்மான்புரா, ஓல்டு ஹைகோர்ட். பெரும்பாலான குடும்பங்களுக்கு நாம் பரிந்துரைக்கும் பகுதி இதுவே. மாறி ஏறாமல் ஒரே மெட்ரோவில் மோட்டேரா செல்லலாம். வணிகர்கள் தங்கிச் செல்லும் நடுத்தர விடுதிகள் நிறைந்த சாலை இது. மாலையில் ஆற்றங்கரை நடைபாதை, காலையில் காந்தியடிகளின் சாபர்மதி ஆசிரமம், பாலத்தைக் கடந்தால் பழைய நகரம் என, ஆட்டம் தள்ளிப்போனாலும் அந்த நாள் வீணாகாது.

பழைய நகரம். 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரம் என்னும் தகுதியை நாட்டிலேயே முதலில் பெற்ற நகரம் இது. ‘போள்’ எனப்படும் குறுந்தெருக்களில் மரச்செதுக்கு முகப்புகளுடைய பழைய வீடுகள் சில, விருந்தினர் இல்லங்களாகியுள்ளன. பகலில் நகைக்கடைத் தெருவாகவும் இரவில் உணவுத் தெருவாகவும் திகழும் மாணிக் சௌக் அருகிலேயே உள்ளது. கீகாண்டாவிலோ காலுப்பூரிலோ மெட்ரோ ஏறி ஓல்டு ஹைகோர்ட்டில் ஒருமுறை மாறினால் மோட்டேரா. ஆயினும் போள்களுக்குள் மகிழுந்து நுழையாது, படிகள் செங்குத்தானவை, ஒலியும் மிகுதி. இளைஞர்களுக்கு இனிய அனுபவம். முழங்கால் வலியுள்ள பெரியோருக்கு அன்று.

எஸ்.ஜி. நெடுஞ்சாலை. மேற்கே சர்கேஜையும் காந்திநகரையும் இணைக்கும் அகன்ற சாலை. பெரிய விடுதிகளும் வணிக வளாகங்களும் இங்கே மிகுதி. ஆனால் மெட்ரோ தல்தேஜில் மட்டுமே இச்சாலையை எட்டுகிறது. நிறுவனச் செலவில் வருவோருக்கு ஏற்றது. சொந்தச் செலவில் வருவோர் வாடகை வண்டிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

காந்திநகர். அமைதியும் மரநிழலும் உள்ள தலைநகரம். மெட்ரோ வந்தபின் இது ஒரு மெய்யான தேர்வாகியுள்ளது. இரவில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை உறுதிசெய்த பின்னரே பதிவு செய்ய வேண்டும்.

மணிநகர். தெற்கே உள்ள இப்பகுதியில் துணியாலைகள் செழித்த காலந்தொட்டே தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. உறவினரோ நண்பரோ இருந்தால் அவர்கள் வீட்டைவிடச் சிறந்த விடுதி இல்லை. மெட்ரோ இங்கு இல்லாததால், அருகிலுள்ள மெட்ரோ நிலையம் வரை பேருந்திலோ ஆட்டோவிலோ வந்து மாற வேண்டும்.

இரயிலில் செல்வோர்க்கு ஒரு குறிப்பு. சென்னை சென்ட்ரலிலிருந்து நவஜீவன் விரைவு வண்டி ஒன்றரை நாள் அளவில் அகமதாபாத்தை அடைகிறது. காலுப்பூர் நிலையத்தில் மறுகட்டமைப்புப் பணிகள் நடப்பதால் சில வண்டிகள் சாபர்மதி, மணிநகர் போன்ற நிலையங்களுக்கு மாற்றப்பட்டுள்ளன. விடுதியைப் பதியுமுன் சீட்டில் எந்த நிலையம் உள்ளது என்று பார்ப்பது நலம்.

நள்ளிரவுக் கணக்கு

மோட்டேரா அரங்கில் 1,32,000 பேர் அமரலாம். நகரின் மெட்ரோ வண்டிக்கு மூன்று பெட்டிகள். ஒரு வண்டியில் ஆயிரம் பேர் ஏறுவதாகத் தாராளமாகக் கொண்டு, அரங்கில் பாதிப்பேர் மட்டுமே மெட்ரோவை நாடுவதாக வைத்தாலும், 66 வண்டிகள் தேவை. காத்திருத்தல் தவிர்க்க முடியாதது. போட்டி நாள்களில் நள்ளிரவைக் கடந்தும் மெட்ரோ இயக்கப்பட்டதுண்டு. அதற்கான அறிவிப்பை முன்கூட்டியே பார்ப்பதும், திரும்பும் சீட்டை வழங்கும் ஏற்பாடு இருந்தால் போகும்போதே பெற்றுக்கொள்வதும் வேண்டும். பரிசளிப்பு முடியும்வரை இருக்கையிலேயே அமர்ந்திருப்பது சிறந்த உத்தி. ஒருமணி நேரம் தாமதித்தாலும், ஒரே வண்டியில் உட்கார்ந்து சென்று, நிலையத்திலிருந்து பத்து நிமிடத்தில் அறையை அடையும் இடமே நல்ல இடம்.

வாடகையும் வரியும்

விடுதி அறைகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் மாறியுள்ளது. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் வரி 5 விழுக்காடு. அதைத் தாண்டினால் 18 விழுக்காடு. கருதப்படுவது அறையின் வழக்கமான விலையன்று; அன்று நம்மிடம் வாங்கும் விலை. எனவே 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய் செலுத்துவோம். அதே அறையின் விலை போட்டி நாளில் 8,000 ரூபாயாக ஏறினால், செலுத்த வேண்டியது 9,440 ரூபாய். வாடகையில் 500 ரூபாய் ஏற்றம், பையிலிருந்து 1,565 ரூபாயை எடுத்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. அரங்கின் அருகே 9,000 ரூபாய் அறை. இரண்டு இரவுகளுக்கு வரியுடன் 21,240 ரூபாய். மெட்ரோ வழியில் 3,500 ரூபாய் அறை; மழைக்கென ஓர் இரவைக் கூட்டி மூன்று இரவுகளுக்கு வரியுடன் 11,025 ரூபாய். ஓர் இரவு கூடுதலாகத் தங்கியும் 10,215 ரூபாய் மீதம். அந்தத் தொகையில் வீட்டிலுள்ள இன்னொருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். இக்கணக்கை முடித்தபின்னும் தொகை போதவில்லையெனில், ஒரு தொடர்வைப்பு தொடங்கி அடுத்த போட்டிக்குக் காத்திருப்பதே நன்று. நான்கு மணிநேர ஆட்டத்திற்காகக் கடன் அட்டையில் பல மாதத் தவணை சுமப்பதை நாம் ஆதரிக்க இயலாது.

முன்பணத்தில் விழிப்பு

தேவை பெருகும் இடத்தில் மோசடியும் பெருகும். இல்லாத விடுதிக்கு இணையதளம், பெரிய விடுதியின் பெயரில் போலித் தொலைபேசி எண், ‘கடைசி ஓர் அறை’ என்னும் அவசரம் ஆகியவை அதன் வழக்கமான முகங்கள். விடுதியின் எண்ணை அதன் சொந்தத் தளத்தில் சரிபார்த்து, ஒருமுறை பேசியபின் பணம் செலுத்துங்கள். தனிநபர் கணக்குக்கோ, முன்பின் அறியாதவர் அனுப்பிய கியூஆர் குறியீட்டுக்கோ முன்பணம் அனுப்ப வேண்டா. பணத்தைத் திரும்பப் பெற யுபிஐ இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கேட்டால் அது மோசடி. ஏமாற்றப்பட்டதாக அறிந்த அந்நொடியே 1930 என்னும் எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். காமன்வெல்த் விளையாட்டுகள் தொடங்கிய ஆண்டும் அதுவே, மறக்க வாய்ப்பில்லை.

முன்பதிவை நீக்கினால் பணம் திரும்பும் என்னும் நிபந்தனைக்குச் சற்று அதிகம் கேட்பார்கள். அட்டவணை மாறக்கூடிய போட்டிகளுக்கு அந்தச் சிறு கூடுதலைக் காப்பீடாகக் கருதிச் செலுத்தலாம். தேவை மிகும்போது விலை ஏறுவது வணிகத்தின் இயல்பு. உறுதிசெய்த முன்பதிவை ஒருதலையாக நீக்கி, அதே அறையை வேறொருவருக்கு அதிக விலைக்குத் தருவது வாக்குத் தவறுதல். உறுதிச் சீட்டையும் பணம் செலுத்திய சான்றையும் பாதுகாத்திருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிட வழியுண்டு.

மாற்றுக் கருத்தும் உண்டு

அரங்கின் அருகில் தங்குவதே சரி என்று கூறுவோரின் வாதத்திலும் உண்மை உண்டு. கைக்குழந்தையோடு வருவோர், நீண்ட நேரம் நிற்க இயலாத மூத்தோர், சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோர் ஆகியோருக்கு வரிசையில் ஒருமணி நேரம் என்பது சிறு இடர் அன்று. மெட்ரோ நிலைய வாசலில் அவர்கள் படும் துன்பத்தை எந்தச் சேமிப்பும் ஈடுசெய்யாது. அத்தகையோர் அருகில் தங்குவது ஆடம்பரம் ஆகாது. ஆனால் வாகனம் எதுவரை வரும், மின்தூக்கி உண்டா, வாயில் எந்தப் பக்கம் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை பெற்றபின்பே அவர்களும் பணம் செலுத்த வேண்டும். மற்றவர்களுக்கு அருகாமை என்பது பெரும்பாலும் ஆட்டத்திற்குமுன் கிட்டும் ஒரு மனநிறைவு மட்டுமே.

பல விளையாட்டுகள் சேர்ந்த பெருவிழாவுக்கு இக்கருத்து இன்னும் பொருந்தும். 2030இல் ஒரே அரங்கில் எல்லாம் நடவா. மோட்டேரா ஒருபுறம் இருக்க, நாரண்புராவில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட வீர சாவர்க்கர் விளையாட்டு வளாகம் போன்ற இடங்களும் உள்ளன. ஓர் அரங்கின் வாயிலில் அறை எடுத்தவர் மற்றவற்றுக்கு நகரைக் கடந்தே செல்ல வேண்டும். தடங்கள் சந்திக்கும் இடத்தில் தங்கியவருக்கு எந்தப் பக்கம் செல்வதும் எளிது.

இறுதியாக ஒன்று. நாம் தேர்வது ஒரு படுக்கையை மட்டுமன்று. சில நாள்களுக்கு ஓர் அக்கம்பக்கத்தையும்தான். போளில் நாம் தங்கும் வீட்டின் அடுத்த வீட்டில் மறுநாள் பள்ளிக்குச் செல்லும் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். வெற்றி முழக்கத்தை அரங்கோடு நிறுத்திக்கொள்வது விருந்தினர் பண்பு. குஜராத்தில் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருப்பதையும் மதிக்க வேண்டும். வெகுதொலைவிலிருந்து வந்தவர் நன்முறையில் தங்கிச் சென்றார் என்று அத்தெருவினர் சொல்வார்களாயின், நாம் தேர்ந்த இடம் சரியானதே.

அடுத்த போட்டியின் அட்டவணை வெளியாகும் நாளில், நகரின் மெட்ரோ வரைபடத்தை முதலில் திறந்து பாருங்கள். விடுதிகளின் பட்டியலை அதன்பின் பார்க்கலாம்.